இன்னொரு எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தவர் பழனி அண்ணன். "இன்னொண்ணு பிழிங்கண்ணே" என்று சொன்னவள் நான்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் வைத்தால், நான் ஏதோ பெரிய மனதோடு ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை.

வளைகுடாவில், ராஸ் அல் கைமா பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் தேன் கம்பெனிக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. வரிசையாக இலந்தை மரங்கள். அவற்றின் கீழே அறுபது தேனீப் பெட்டிகள். பகல் வெயில் தணிந்து, காலையில் ஸ்வெட்டர் தேட ஆரம்பித்திருந்த நாட்கள் அவை. இலந்தைப் பூத் தேனை எடுத்து முடித்திருந்தோம். இந்த ஊரில் அந்தத் தேனை மருந்து போல மதிப்பார்கள்.

தேனை எடுத்துவிட்டால் பெட்டிக்குள் குளிர்காலத்துச் சாப்பாடு இருக்காது. அதற்கு ஈடாகச் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். ஈடு என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். தேனீயைக் கேட்டால் என்ன சொல்லுமோ.

கம்பிவேலி ஓரமாகப் பெரிய கேஸ் அடுப்பு. அதன்மேல் கல்யாண வீட்டு அண்டா. அதற்குள் துடுப்பு போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார் பழனி அண்ணன். பாகு வாசனை ரோடு வரை போனது. தண்ணீர் லாரி ஓட்டிவந்த பாகிஸ்தானி டிரைவர் வண்டியை நிறுத்தி, "யாருக்குக் கல்யாணம் பாய்?" என்று இந்தியில் கேட்டார்.

"ஈக்களுக்கு" என்றார் பழனி அண்ணன். டிரைவர் சிரித்துக்கொண்டே போனார்.

"மேடம், ரெண்டு பங்கு சீனி, ஒரு பங்கு தண்ணி. அளவு சரிதானே?"

"சரிதாண்ணே."

"கம்பிப் பதம் வரட்டுமா, அதுக்கு முன்னயே இறக்கிரவா?"

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று நான் சொல்லவில்லை. "கெட்டியா இருக்கணும்ணே" என்றேன்.

"அப்பக் கம்பிப் பதம்."

துடுப்பிலிருந்து ஒரு சொட்டை விரலில் எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துப் பிரித்தார். நூல் போல நீண்டது. பிறகு சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். பிழியாவிட்டால் ரெண்டு நாளில் பாகு பூத்துச் சர்க்கரையாகிப் போகும் என்றார். என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். நக்கிப் பார்த்தேன்.

"ஜிலேபியே போட்டுடலாம் போல இருக்கு. இன்னொண்ணு பிழிங்கண்ணே, கட்டி தட்டிடக் கூடாது."

பிழிந்தார்.

இரண்டு மதிப்பெண் கேள்வி

நான் பி.எஸ்ஸி. விலங்கியல். முதல் வகுப்பு. என் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர், கைநாட்டு. அம்மாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பேனா பிடித்தவள் நான் என்று இந்தத் தொடரில் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன். அதை நான் சும்மா பெறவில்லை.

கல்லூரியில் தேனீ வளர்ப்பு ஒரு விருப்பப் பாடம். குளிர்காலத்துக்கான சர்க்கரைப் பாகின் விகிதம் யாது என்று ஒரு கேள்வி வந்தது. இரண்டுக்கு ஒன்று என்று எழுதினேன். இரண்டு மதிப்பெண் போட்டார்கள்.

அதைக் கொதிக்க விடலாமா, புளிப்புச் சேர்க்கலாமா என்று எந்தப் பரீட்சையிலும் யாரும் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் கம்பெனியின் பாக்கிங் பகுதியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. கழுத்தில் அடையாள அட்டை. வாரத்தில் இரண்டு நாள் பிக்கப் வண்டியில் தோட்டத்துக்குப் போவேன். பழனி அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. அவர் என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் நாள், "அப்படிக் கூப்பிடாதீங்கண்ணே" என்றேன். ஒரு முறைதான் சொன்னேன். காதுக்கு இதமாக இருந்ததால் இரண்டாவது முறை சொல்லவில்லை.

சென்ற வாரம் ஒரு வாசகர், "ஏனம்மா எப்போதும் கோபமாகவே எழுதுகிறாய்? வளைகுடா உனக்குச் சோறு போடவில்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். போட்டது ஐயா. சோறு போட்ட இடத்தில் கோபப்படக் கூடாது என்று யார் சொன்னது? எங்கள் அப்பாவுக்குச் சூளைக்காரரும் சோறு போட்டார்.

குல் கான் லீவில் போனார்

தோட்டத்தில் தேனீக்களை உண்மையாகப் பார்த்துக்கொண்டவர் குல் கான் என்ற பெஷாவர்க்காரர். பன்னிரண்டு வருடமாக அந்தப் பெட்டிகளோடு இருப்பவர். தங்கைக்குக் கல்யாணம் என்று லீவு கேட்டார். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, தனக்குப் பதிலாகத் தேனீ தெரிந்த ஆள் வேண்டும் என்று மேனேஜரிடம் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் சேகர் சார் நம்ம ஊர்க்காரர்தான், சென்னை. நல்ல சட்டை, நல்ல சென்ட். அவர் ஆள் தேடவில்லை.

"பாகு காய்ச்சறதுக்கு எதுக்கு இன்னொரு ஆளு? நம்ம பழனி ஊர்ல ஸ்வீட் மாஸ்டர்தானே!" என்று சொல்லித் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சயின்ஸ் படிச்ச பொண்ணு, நீ பாத்துக்கோம்மா" என்றார்.

பழனி அண்ணன் மானாமதுரைப் பக்கம். ஸ்வீட் ஸ்டாலில் பதினெட்டு வருடம் மாஸ்டர். ஹோட்டல் வேலை என்று சொல்லித்தான் அவருக்கு விசா கொடுத்தார்கள். வந்து இறங்கினால் தேன் கம்பெனியில் பெட்டி தூக்கும் வேலை. ஏஜென்டுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். "அதுவும் இனிப்புதானப்பா" என்றானாம்.

அதனால் அண்டாவையும் துடுப்பையும் கையில் கொடுத்ததும் அவர் முகமே மாறிவிட்டது. மூன்று வருடத்துக்குப் பிறகு தெரிந்த வேலை. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். தினமும் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டார். மிச்சமான பாகை மறுநாள் மறுபடி ஏற்றி, மறுபடி ஒரு பழம் பிழிந்தார். நாளாக ஆகப் பாகு தங்க நிறத்திலிருந்து தேன் நிறத்துக்கு வந்தது. சாயங்காலம் பெட்டிக்குள் இருக்கும் தொட்டிகளில் ஊற்றி, தேனீக்கள் மூழ்கிவிடாமல் நிற்க மேலே குச்சிகளைப் போட்டு மூடுவார்.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கல மேடம்! ருசி தெரிஞ்ச சாதி" என்பார்.

ஒருநாள் போனைக் கொண்டுவந்து நீட்டினார். "எம் மக. ப்ளஸ் டூ. என்ன படிக்கலாம்னு நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க. டாக்டருக்கெல்லாம் வேணாம். உங்களப்போல ஒரு டிகிரி."

அந்தப் பெண்ணிடம் பத்து நிமிடம் பேசினேன். அறிவுரை வாரி வழங்கினேன்.

முகப்பில் கறை

பிறகு மழை வந்தது. இங்கே மழை எப்போதாவதுதான் வரும். வந்தால் மலையிலிருந்து தண்ணீர் இறங்கி ரோட்டை மூடிவிடும். நாலைந்து நாள் மூட்டமும் குளிருமாக இருந்தது. தேனீ ஒன்றுகூட வெளியே வரவில்லை.

வெயில் அடித்த முதல் நாள் நான் போனபோது பழனி அண்ணன் தோட்டத்துக் கேட்டுக்கே ஓடிவந்தார்.

"மேடம், பெட்டி மேல எவனோ டீயக் கொட்டினாப்புல இருக்கு."

பெட்டிகளின் வாசல் பலகை முழுக்கப் பழுப்புக் கோடுகள். புளித்த நாற்றம். கீழே மணலில் தேனீக்கள் பறக்க முடியாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. வயிறு உப்பிப் பளபளத்தது. மூடியைத் திறந்தேன். நல்ல பெட்டியைத் திறந்தால் வருகிற இரைச்சல் வரவில்லை. அடியில் கைப்பிடி கைப்பிடியாகச் செத்துக் கிடந்தன.

இருபத்து மூன்று பெட்டிகள் அப்படிப் போயின.

வேலிக்கு அந்தப் பக்கம் போய், குல் கானுக்குப் போன் செய்தேன். பின்னணியில் கல்யாண மேளம் கேட்டது. என் அரைகுறை இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். நிம்பு என்ற வார்த்தை வந்ததும் அவர் நிறுத்தினார்.

"நிம்பு? எலுமிச்சையா? எவ்வளவு நேரம் கொதிச்சது?"

"ஒரு மணி நேரம். தினமும்."

மேளச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். தண்ணீரைச் சுட வை. அடுப்பை அணை. அதற்கப்புறம்தான் சர்க்கரை. கரைந்ததும் ஆற வை. அவ்வளவுதான். புளிப்பு போட்டுக் காய்ச்சக் காய்ச்சச் சர்க்கரை கெட்டுப்போகும். நம் வயிறு அதைத் தாங்கும், தேனீ வயிறு தாங்காது. தேனீ பெட்டிக்குள் அசுத்தம் பண்ணாது. குளிரில் வெளியேயும் போக முடியாமல் அடக்கி அடக்கிச் செத்துப்போகும்.

"எலுமிச்சை போடச் சொன்னது யார்?"

"தெரியாது பாய்" என்றேன்.

எட்டு நாள்

மறுநாள் சேகர் சார் காரில் வந்தார். ஷூவில் மணல் படாமல் நடந்தார். செத்த தேனீக் குவியலை எட்டி நின்றே பார்த்தார்.

"யாருய்யா காய்ச்சினது?"

"நாந்தான் சார்."

"அண்டாவை எதுல கழுவின?"

"சோப்புப் பவுடர்ல சார்."

"சரியா அலசினியா? சோப்பைக் குடுத்துக் கொன்னுருக்கியா நீ?"

பழனி அண்ணன் என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். மேடம் ருசி பார்த்தாங்க சார் என்பார், மேடம்தான் இன்னொரு பழம் போடச் சொன்னாங்க என்பார் என்று பயந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான நினைப்பு!

அன்றிலிருந்து எட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் தெரிந்த ஒரே ஆள் அந்தத் தோட்டத்தில் நான்தான். "மீதிப் பெட்டிக்குப் புதுப் பாகு நானே போடுறேன்" என்று சொல்லி, சுடுதண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து நானே ஊற்றினேன். ஏன் இப்படி என்று அவர் கேட்கவில்லை.

அவர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மணல் போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். கழுவிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்ப்பார். மறுபடி தேய்ப்பார். அண்டாவின் உள்பக்கம் கண்ணாடி போல ஆகிவிட்டது.

"இப்பவும் சோப்பு வாடை வருதா, பாருங்க மேடம்."

"இல்லண்ணே" என்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் வேண்டுமா? "இல்லண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

சேகர் சாரின் அறை

எட்டாம் நாள் ஷார்ஜா ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். பழனி என்ற தொழிலாளியின் வேண்டுமென்றே செய்த அலட்சியத்தால் கம்பெனிக்குப் பெரும் சேதம். விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பப் பரிந்துரை. கீழே இரண்டு கோடுகள். ஒன்றில் சேகர் சார் கையெழுத்து இருந்தது.

"இன்னொண்ணுல நீ போடு. டெக்னிக்கலா ஒரு ஆள் பாத்தாங்கன்னு இருக்கணும். சாயங்காலம் அர்பாப்கிட்ட குடுக்கணும்."

அர்பாப் என்றால் முதலாளி. வயதான அரபி. வருடத்துக்கு இரண்டு முறை தேன் எடுக்கும்போது வந்து மரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பார். தேனீ என்றால் அவருக்கு உயிர்.

பேனா என் கையில் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த அத்தியாயமே பொய். மூடியைக் கழற்றிவிட்டிருந்தேன்.

சேகர் சார் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கைநாட்டு கேஸுங்ககிட்ட வேலையைக் குடுத்தா இப்படித்தான். எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் செய்வானா இதை?"

பழனி அண்ணன் கைநாட்டே இல்லை. எட்டாவது படித்தவர், அழகாகத் தமிழில் கையெழுத்துப் போடுவார். ஆனால் எனக்கு அது அப்போது நினைவுக்கு வரவில்லை. ரேஷன் கடையில் மை ஒட்டிய கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொள்ளும் என் அப்பாதான் நினைவுக்கு வந்தார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவதான் செஞ்சா சார்" என்றேன்.

"என்ன?"

"அது சோப்பு இல்ல. கொதிக்க விட்டதும் எலுமிச்சையும்தான் காரணம். நான் பக்கத்துலயே நின்னேன். ருசி பாத்தேன். இன்னொரு பழம் பிழியச் சொன்னதே நான்தான்."

அவர் போனைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"அட, விடும்மா. இதைப் போயி வெளிய சொல்லிட்டிருக்காத. சின்னப் பொண்ணு, இப்பத்தான் வந்திருக்க. எல்லாருக்கும் வர்றதுதான். அனுபவம்னு எடுத்துக்கோ."

"அப்ப இந்த லெட்டர்?"

"அது வேற."

"எது சார் வேற? அதே அண்டா. அதே பாகு. அதே எலுமிச்சம்பழம். அவர் செஞ்சா வேணும்னே செஞ்ச அலட்சியம், நான் செஞ்சா அனுபவமா?"

"மெதுவா பேசு."

"அவர் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க சார். ஒரு வார்த்தையும் மாத்த வேணாம். கீழ நானே கையெழுத்துப் போடுறேன்."

என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குக் காது அடைத்திருந்தது. ஆனால் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். மனசாட்சியெல்லாம் ஒன்றும் அங்கே ஓடவில்லை, கணக்குத்தான் ஓடியது. பழனி என்ற பெயர் இருந்தால் கேள்வி பழனியோடு நின்றுவிடும். பட்டம் படித்தவளின் பெயர் இருந்தால் அது மேலே ஏறும். இந்தப் பெண்ணைத் தேனீக்களுக்குப் பொறுப்பாக வைத்தது யார், குல் கான் லீவில் போனபோது அவருக்குப் பதில் ஆள் எங்கே என்று அர்பாப் கேட்பார்.

கடிதத்தை இரண்டாக மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார்.

"கலாஸ், முடிஞ்சுது. மழைல போச்சுன்னு சொல்லிக்கலாம். போம்மா, போய் வேலையைப் பாரு."

அந்த ஆளை வெளுத்து வாங்கிவிட்டேன் என்று ரூமில் இருந்த பெண்களிடம் அன்றைக்குப் பெருமையாகச் சொன்னேன். மழையில் போயிற்றாம். அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் நான் ஜெயித்திருந்தேன்.

தோட்டத்தில்

அடுத்த முறை போனபோது பழனி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பு, எலுமிச்சை, குல் கான், கடிதம், என் பேச்சு எல்லாம். கண் கலங்குவார், கையெடுத்துக் கும்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அதை எழுதக் கூசுகிறது. ஆனால் எதிர்பார்த்தேன்.

அவர் கவிழ்த்து வைத்திருந்த அண்டாமேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பெட்டியத் திறந்த அன்னைக்கே."

"அன்னைக்கேவா?"

"ஆமாண்ணே."

"எட்டு நாளு." விரல் விட்டு எண்ணினார். "எட்டு நாளா அண்டாவத் தேய்ச்சேன். நீங்க நின்னு பாத்தீக. சோப்பு வாடை வருதான்னு உங்ககிட்டயே கேட்டேன்."

விரித்த விரல்களை மடக்கிக்கொண்டார்.

"இங்க பாருங்க, அந்த மேனேஜருகிட்ட நான் உங்க பேரைச் சொல்லலையே, ஏன்னு நெனைச்சீக?"

"என்னைக் காட்டிக்குடுக்க வேணாம்னு..."

"ம்ஹும். படிச்ச பிள்ள நின்னு, ருசி பாத்து, இன்னொண்ணு பிழியச் சொல்லிச்சு. அது தப்பா இருக்காதுன்னு நெனைச்சேன். அப்பத் தப்பு என் கையிலதான் இருக்கணும்னு நெனைச்சேன். பதினெட்டு வருசம் பாகு காய்ச்சின கை. அதைச் சந்தேகப்பட்டுட்டேன்."

வாங்கிய அறை கன்னத்தில் விழுந்திருந்தால்கூட நாலு நாளில் மறந்திருப்பேன்.

"எம் மககிட்ட உங்களப்போலப் படின்னு சொல்லி வச்சுருந்தேன்" என்றார். எழுந்து, அண்டாவை நிமிர்த்தி, தண்ணீர் பிடிக்கப் போனார்.

பாகை மறுபடியும் அவர்தான் கலக்கினார். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சுடுதண்ணீர், அடுப்பை அணைத்து, சர்க்கரை. துடுப்பைத் தூக்கி அது ஒழுகுவதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதுக்குப் பேரு பாகா? சீக்காளிக்குக் குடுக்குற சீனித் தண்ணி." ஆனால் பிழைத்திருந்த முப்பத்தேழு பெட்டிகளும் அதைத்தான் குடித்தன. குச்சிமேல் வரிசையாக நின்று, நாக்கை நீட்டிக் குடித்தன.

அன்றிலிருந்து அவர் என்னை மேடம் என்று கூப்பிடவே இல்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. வேலை சொன்னால் செய்வார். செய்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்.

"இது உங்களுக்குத் தெரியுமா, இல்ல நெனைக்கிறீகளா?"

எல்லார் முன்னாலும் கேட்பார். டிரைவர் நின்றாலும், சேகர் சார் நின்றாலும் கேட்பார். முதல் சில நாள் முகத்தில் ரத்தம் ஏறும். கோபத்தோடு, "தெரியும்ணே" என்பேன். தெரிந்ததைத்தான் சொன்னேன்.

ஒருநாள் காலை, ஒரு பெட்டியில் தொட்டிப் பாகின்மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. அதை வழித்துவிட்டு மேலேயே புதுப் பாகை ஊற்றலாமா, தொட்டியையே எடுத்துவிட வேண்டுமா என்று தெரியவில்லை. பழனி அண்ணன் வாளியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"மேலயே ஊத்துங்க" என்றேன்.

"தெரியுமா, நெனைக்கிறீகளா?"

கழுத்து அட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"தெரியாதுண்ணே."

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப குல் கானுக்குப் போனைப் போடுங்க."